டிங்கெலும் சம்பா ரவையும்: ஒரு உமிக் கோதுமையின் கதை



ஜெர்மனியில் இருக்கும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இரண்டு. "டிங்கெல் மாவு உடம்புக்கு ரொம்ப நல்லதாமே?" என்பது முதல் கேள்வி. "அது நம்ம ஊர் சம்பா கோதுமையேதானாமே?" என்பது இரண்டாவது. இங்கே எந்த பேக்கரிக்குப் போனாலும் டிங்கெல் ரொட்டி கண்ணில் படுகிறது. இங்கிலாந்து, கனடாவில் இருப்பவர்களுக்கு இதுவே ஸ்பெல்ட். அதற்குப் பக்கத்தில் எம்மர், ஐன்கார்ன் என்று இன்னும் இரண்டு பாக்கெட். எல்லாவற்றிலும் 'ஆதி தானியம்' என்ற பட்டம், அதற்கேற்ற விலை.

நான் பாங்க்கில் வேலை பார்ப்பவன், படித்தது பி.காம். தாவரவியலுக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் வாரம் ஒரு முறை இந்தக் கேள்வி வந்தால் என்னதான் செய்வது? உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, கதை ஜெர்மனியில் ஆரம்பித்து எங்கள் பங்காருபேட்டைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள் :-)

கேழ்வரகு ஊரில் கோதுமை

பங்காருபேட்டையை ரயில் ஜங்ஷனாக மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மைசூர் ராஜ்யத்தின் சீஃப் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் முன்பு அது பௌரிங்பேட்டை. 1894-ல் அங்கிருந்து மாரிக்குப்பத்துக்குப் போன கிளை ரயில்பாதைதான் கோலார் தங்கவயலை உலகத்தோடு இணைத்தது. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து வந்த நம் ஜனங்கள் அந்த வழியாகத்தான் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். என் தாத்தாவும் அதில் ஒருவர்.

கோலார் ஜில்லா கேழ்வரகு பூமி. களியும் அவரைக்காய்க் குழம்பும்தான் சாப்பாடு. கோதுமை என்பது ரேஷன் கடையில் வந்தது, இல்லாவிட்டால் பேக்கரி ரொட்டியாக வந்தது. இன்றைக்கு பெங்களூர் முழுக்க 'பங்காருபேட்டை பானிபூரி' என்று போர்டு தொங்குகிறது, தண்ணீர் போலத் தெளிந்த அந்த ரசத்துக்காக. அந்தப் பூரியும் கோதுமைதான்.

மளிகைக் கடையில் மூன்று ரவை இருக்கும். கேசரிக்கும் உப்புமாவுக்கும் பன்சி ரவை, பலகாரத்துக்கு நைசான சிரோட்டி ரவை, மூன்றாவதாகச் செம்பழுப்பு நிறத்தில் சம்பா ரவை. சம்பா ரவையை "சுகர்காரங்க கோதுமை" என்பார்கள். ஆயாவுக்கு சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் தினம் ஒரு வேளை அதுதான். மற்ற ரவையை விட வேக நேரமாகும், மெல்லவும் நேரமாகும்.

இந்த சம்பா கோதுமைதான் எம்மர். கன்னடத்தில் ஜவெ கோதி, சதகா என்கிறார்கள். மராட்டியில் கப்ளி. டிங்கெல் என்பது வேறு. ஆனால் அன்னியம் இல்லை.

மூன்று உமிக் கோதுமைகள்

நெல்லை அடித்தால் உமியோடுதான் வரும். குத்தினால்தான் அரிசி. சாதாரணக் கோதுமை அப்படி இல்லை, அடித்தவுடன் உமி கழன்று மணி தனியாக விழுந்துவிடும். ஐன்கார்ன், எம்மர், ஸ்பெல்ட் மூன்றும் நெல் ஜாதி குணம் கொண்ட கோதுமைகள். அடித்தாலும் உமியை விடாது, உரலில் போட்டுக் குத்த வேண்டும்.

இவற்றின் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை 1918-ல் ஜப்பானைச் சேர்ந்த சகாமுரா சரியாக எண்ணிச் சொன்னார். ஐன்கார்னுக்கு 14, எம்மருக்கு 28, ஸ்பெல்ட்டுக்கும் சாதாரண ரொட்டிக் கோதுமைக்கும் 42. ஏழின் மடங்காகப் போகிறது பாருங்கள், பாலன்ஸ் ஷீட் மாதிரி அழகாக டாலி ஆகிறது. ஒரு புல்லும் இன்னொரு புல்லும் கலந்து எம்மர். அந்த எம்மரோடு ஆட்டுப்புல் என்கிற களை ஒன்று கலந்து 42 குரோமோசோம் கோதுமை. 1940-களில் அமெரிக்காவில் மெக்ஃபேடனும் சியர்ஸும், ஜப்பானில் கிஹாராவும், எம்மர் வகைக் கோதுமையையும் ஆட்டுப்புல்லையும் செயற்கையாக இணைத்துப் பார்த்தார்கள். பிறந்த செடி கிட்டத்தட்ட ஸ்பெல்ட் மாதிரியே இருந்தது! ஐரோப்பிய ஸ்பெல்ட் விஷயத்தில் இன்றைய மரபணு ஆராய்ச்சி இன்னொரு திருப்பம் சொல்கிறது. ரொட்டிக் கோதுமையோடு எம்மர் மறுபடி கலந்ததில் வந்ததாம் அது. எந்த வழியில் பார்த்தாலும் எம்மர் பாட்டி, ஸ்பெல்ட் பேத்தி.

வயதைப் பார்த்தாலும் பாட்டிதான். மேற்கு ஆசியாவில் எம்மரைப் பயிர் செய்யத் தொடங்கி ஏறக்குறைய பத்தாயிரம் வருஷம். எகிப்தில் பிரமிடு கட்டியவர்கள் தின்ற ரொட்டி எம்மர் ரொட்டி. 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த 5,300 வருஷத்து மனிதன் 'ஓட்சி'யின் வயிற்றில் ஐன்கார்ன் இருந்தது. ஐன்கார்னின் காட்டு மூதாதை தென்கிழக்குத் துருக்கியின் கரஜாதா மலைப்பகுதியைச் சேர்ந்தது என்று 1997-ல் மரபணுவை ஒப்பிட்டுச் சொன்னார்கள்.

ஸ்பெல்ட் இந்தப் பக்கத்துப் பயிர். தெற்கு ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சாதாரண ஜனங்களின் ரொட்டி அதுதான். டிங்கெல்ஸ்பூல் என்ற ஊரின் சின்னத்திலேயே டிங்கெல் கதிர்கள் உண்டு. பிறகு விளைச்சல் குறைவு என்று கைவிட்டு, இப்போது திரும்பக் கொண்டாடுகிறார்கள். நாம் கேழ்வரகை விட்டுவிட்டு 'ராகி மால்ட்' என்று டப்பாவில் வாங்கிக் குடித்தது போலத்தான்.

தெற்கே வந்த எம்மர்

எம்மர் சிந்துவெளி வழியாக இந்தியாவுக்குள் வந்தது. தெற்கே எப்போது? கர்நாடகத்தின் புதிய கற்காலக் குடியிருப்புகளில் கரிந்துபோன தானியங்களை லண்டனைச் சேர்ந்த டோரியன் ஃபுல்லரும் இந்திய ஆய்வாளர்களும் சேகரித்து 2004-ல் எழுதினார்கள். பெல்லாரிப் பக்கம் சங்கனகல்லு போன்ற இடங்கள் அவை. நாலாயிரம் வருஷத்துக்கு முன் அங்கே முக்கியச் சாப்பாடு உள்ளூர்ச் சிறுதானியமும் கொள்ளும் பாசிப்பயறும். அவற்றுக்கு நடுவே கொஞ்சமாகக் கோதுமையும் பார்லியும். கோதுமை குளிர்காலப் பயிர், நம் பக்கம் மழைக்காலப் பயிர். ஆகவே அது தெற்கில் எப்போதும் விருந்தாளிதான்.

விருந்தாளிக்குக் கிடைத்த வீடு தார்வாட், பெல்காம், பிஜாப்பூர், அதை ஒட்டிய மகாராஷ்டிரத்து சதாரா, சாங்லி. தமிழ்நாட்டில் நீலகிரியிலும் பழனி மலையிலும் கொஞ்சம் கோதுமை விளைந்தது. உத்தர கர்நாடகத்தில் ஜவெ கோதியைக் குத்தி வெல்லம் போட்டு 'ஹுக்கி' செய்வார்கள். நம் கோதுமைப் பாயசத்தின் சொந்தக்காரி.

இதோடு முடிந்திருந்தால் இது சமையல் குறிப்புப் பதிவாகப் போயிருக்கும். உலகம் முழுக்க எம்மரைத் தேடி வந்ததற்குக் காரணம் ருசி இல்லை. துரு.

துரு என்ற எதிரி

கோதுமைத் தண்டில் பூஞ்சை பிடித்து, இரும்பில் துருப் பிடித்தது போலச் செங்கறுப்பாகப் பொரிந்துவிடும். தண்டுத் துரு என்று பெயர். மூன்று வாரத்தில் நிமிர்ந்து நின்ற வயல் சருகாகப் போய்விடும். 1916-ல் அமெரிக்காவும் கனடாவும் இதில் பெரும் சேதம் கண்டன. 1946-47-ல் நம் மத்திய இந்தியா கண்டது. வங்கப் பஞ்சம் முடிந்து மூன்றே வருஷம் ஆகியிருந்த நேரம் அது.

இந்தத் துரு கோடை வெயிலில் சமவெளியில் பிழைக்காது. அப்படியானால் ஒவ்வொரு வருஷமும் எங்கிருந்து வருகிறது? ஆக்ரா கல்லூரியில் இருந்த கரம் சந்த் மேத்தா வாழ்நாள் முழுக்க இதைத் துரத்தினார். வடக்கே இமயமலை, தெற்கே நீலகிரியும் பழனியும் என்று கண்டுபிடித்தார். மலையில் வருஷம் முழுக்க ஏதோ ஒரு வயலில் கோதுமை இருந்துகொண்டே இருக்கும், துருவும் கூடவே இருக்கும். பின்னால் ஜோஷியும் நாகராஜனும் மிச்சக் கதையைச் சொன்னார்கள். நவம்பரில் வங்காள விரிகுடாவில் புயல் வரும்போது நீலகிரியின் துரு வித்துகள் காற்றோடு கிளம்பி, மத்திய இந்தியா வரை போய் மழையோடு இறங்குகின்றன. மெட்ராஸுக்குப் புயல் என்றால் பள்ளிக்கூடம் லீவு என்று சந்தோஷப்பட்ட நமக்கு, அது நர்மதைக் கரை விவசாயிக்கு வருகிற பில் என்பது யாருக்குத் தெரியும்? அதனால்தான் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தன் கோதுமை நிலையம் ஒன்றை டெல்லியிலிருந்து அவ்வளவு தூரத்தில், நீலகிரியின் வெலிங்டனில் வைத்திருக்கிறது.

இப்போது எம்மர் உள்ளே வருகிறது. துருவில் பல இனம் உண்டு. எந்த வயலில் எந்த இனம் என்று எப்படிச் சொல்வது? மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டாக்மேனும் லெவினும் 1922-ல் பன்னிரண்டு கோதுமை ரகங்களைப் பொறுக்கி ஒரு வரிசை செய்தார்கள். வந்த துருவைப் பன்னிரண்டின் மேலும் தூவிப் பார்ப்பது. எது விழுகிறது, எது தாங்குகிறது என்பதைக் கொண்டு இன்ன இனம் என்று முடிவு செய்வது. பாங்க்கில் மாதிரிக் கையெழுத்து அட்டையை வைத்து செக்கைச் சரிபார்க்கிறோமே, அதே வேலை. அந்தப் பன்னிரண்டில் ஒன்றின் பெயர் 'கப்ளி'. நம் இந்திய எம்மர், மராட்டிப் பெயரோடேயே உலகத்தின் துரு ஆய்வுக்கூடங்களில் போய் உட்கார்ந்தது. பெரும்பாலான இனங்களைத் தாங்கி நின்ற ரகம் அது. சிட்னியில் வாட்டர்ஹவுஸ் அதை அங்கத்துக் கோதுமையோடு இணைத்து 'கப்ஸ்டீன்' என்றே ஒரு ரகம் செய்தார்.

ரஷ்யாவிலிருந்து போன இன்னொரு எம்மரின் கதை இதைவிட விசேஷம். யாரோஸ்லாவ் என்று பெயர். 1916-ல் தெற்கு டகோடாவில் மாணவராக இருந்த மெக்ஃபேடன் (மேலே சொன்ன அதே ஆள்தான்) அதை ரொட்டிக் கோதுமையோடு இணைத்தார். 28-க்கும் 42-க்கும் லேசில் ஒட்டாது. பல வருஷம் போராடி வந்த ரகத்துக்கு 'ஹோப்', அதாவது நம்பிக்கை, என்று பெயர் வைத்தார். துருவைத் தாங்கும் அந்த எம்மர் மரபணு ஹோப் வழியாகப் பரவி, பிறகு மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய கோதுமைகள் பலவற்றுக்குள்ளும் போயிற்று.

1998-ல் உகாண்டாவில் யு.ஜி.99 என்ற புது துரு இனம் கிளம்பி, அதுவரை நம்பியிருந்த மரபணுவைத் தோற்கடித்தது. பழைய சரக்கில் தேடினார்கள். அதைத் தாங்குகிற எஸ்.ஆர்.13 என்ற மரபணு இருந்த இடங்களில் கப்ளியும் ஒன்று. கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் துப்கோவ்ஸ்கி குழு 2017-ல் அந்த மரபணுவைத் தனியாகப் பிரித்தெடுத்து விவரம் வெளியிட்டது. எல்லா இனத்துக்கும் அது மருந்து இல்லை. ஆனாலும் உத்தர கர்நாடகத்துக் கிழவிகள் ஹுக்கிக்காகக் காப்பாற்றி வைத்த ஒரு கோதுமை ஜாதியைத் தேடி, ஆப்பிரிக்காவின் பயிருக்காக உலகம் வந்தது என்றால் சும்மாவா!

காப்பாற்றியதும் கைவிட்டதும்

அப்படிப்பட்ட கோதுமை ஊரில் ஏன் அருகிப்போனது? இங்கே பி.காம். மூளை கொஞ்சம் உதவுகிறது.

1965-66 வறட்சி. அமெரிக்காவின் பி.எல்.480 கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1965-ல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் கமிஷனும் வந்தன. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை இறங்கியது. உரம் போட்டால் விளைச்சல், விளைந்தால் கொள்முதல், கொள்முதலுக்கு விலை உத்தரவாதம், அதை வைத்துப் பயிர்க்கடன். எம்மர் இதில் எதிலும் உட்காரவில்லை. உரம் போட்டால் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும். அறுவடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு உமி. அதை நீக்கத் தனிக் கூலி. சாதாரண மாவு மில்லில் அரைக்க முடியாது. சோறுதான் முதல் என்றிருந்த காலம், விவசாயி செய்தது நியாயம். பசித்த நாடு பழைய கோதுமைக்காக அழவும் முடியாது. ஆனால் எம்மரைத் தள்ளிவிட்டு வந்த புதுக் கோதுமைகள் துருவைத் தாங்கியதில் யாரோஸ்லாவ் எம்மரின் மரபணுவுக்கும் பங்கு உண்டு. பாட்டியின் நகையை அடகு வைத்துப் பேரன் தொழில் ஆரம்பித்த மாதிரி. பாட்டியை யார் பார்ப்பது என்பதுதான் மிச்சக் கேள்வி.

அந்தக் கேள்வியைச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். என்.பி.200 என்ற எம்மர் ரகம் ரிஷிவேலிப் பக்கத்து நாட்டுக் கோதுமையிலிருந்து தேர்ந்தெடுத்தது. ரிஷிவேலி எங்கே? கோலார், சீனிவாசபுரம் தாண்டினால் வரும் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில். தங்கவயல்காரர்கள் தக்காளி வாங்கப் போகிற மண்டி ஊர் அது! தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் சாயாத குட்டை எம்மர்களை உருவாக்கியது: டி.டி.கே. 1001, 1009, 1025, 1029. வெலிங்டன் நிலையம் 'நீலகிரி கப்ளி' என்ற எச்.டபிள்யூ. 1098-ஐக் கொடுத்தது.

பாக்கெட் சொல்வதும் ஆராய்ச்சி சொல்வதும்

இனி உடம்பு விஷயம். இதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தப் பதிவு.

எங்கள் தமிழ்க் குடும்பங்களில் ஒரு சின்னப் பெண்ணுக்கு சீலியாக் வியாதி. குளூட்டன் துளி போனாலும் குடல் புண்ணாகும். ஒரு பொங்கல் விழாவில் அவளுக்கென்றே ஒரு அம்மா பிரியமாக டிங்கெல் ரவையில் பொங்கல் செய்து கொண்டுவந்தார். "இது பழங்காலத்துக் கோதுமை கண்ணு, இதுல அதெல்லாம் இல்ல, சாப்பிடு." பெண்ணின் அம்மா பார்த்துத் தடுத்ததால் பிழைத்தோம்.

ஸ்பெல்ட், எம்மர், ஐன்கார்ன், சம்பா எல்லாமே கோதுமை. எல்லாவற்றிலும் குளூட்டன் உண்டு. சீலியாக் உள்ளவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கேழ்வரகு, அரிசி, சோளம், கம்பு கொடுங்கள், அதுவும் கோதுமை மாவு கலக்காத மில்லில் அரைத்ததாக. 'புதுக் கோதுமையில்தான் குளூட்டன் ஏறிவிட்டது' என்பதும் நிற்கவில்லை. மியூனிக் பக்கத்தில் ஃப்ரைசிங்கில் உள்ள லைப்னிட்ஸ் நிறுவனம் 1891 முதல் 2010 வரை வந்த 60 கோதுமை ரகங்களை விளைவித்துச் சோதித்து 2020-ல் எழுதியது. மொத்த குளூட்டன் அளவு அப்படியேதான் இருந்தது.

அப்புறம் ஏன் சிலருக்கு டிங்கெல் ரொட்டி மட்டும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது? ஷ்டுட்கார்ட்டின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகம் 2016-ல் ஒரு பதில் சொன்னது. கோதுமையில் உள்ள சில சர்க்கரைகள் சிலருக்கு வாயுவும் உப்புசமும் தரும். பழைய ரகமா புது ரகமா என்பதைவிட, மாவு எவ்வளவு நேரம் புளித்தது என்பதுதான் அதில் அதிக வித்தியாசம் செய்கிறது. நாலு மணி நேரத்துக்கு மேல் வைத்த மாவில் அந்தச் சர்க்கரைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. பழைய கோதுமையில் செய்கிற பேக்கரிக்காரர் பெரும்பாலும் பழைய நிதானத்தில் செய்கிறார். இட்லி மாவை ராத்திரி முழுக்கப் புளிக்க வைக்கிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு? தார்வாட் ஆய்வாளர்கள் நோயாளிகளுக்கு ஆறு வாரம் எம்மர் கொடுத்துப் பார்த்து 2001-ல் எழுதினார்கள். ரத்தத்தில் கொழுப்பு குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் சின்ன ஆய்வு. உமி மட்டும் நீக்கிய முழுக் கோதுமை, நார் அதிகம், மெதுவாக ஜீரணம் ஆகும். அவ்வளவு. மாத்திரையை நிறுத்திவிட்டு சம்பா ரவை சாப்பிடுகிற மாமாக்களே, தயவு செய்து வேண்டாம்.

கடைசியாக, வாங்கும்போது. 'சம்பா' என்று எழுதியதெல்லாம் எம்மர் இல்லை. சாதாரணக் கோதுமையை உடைத்தும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். முழு மணியாக வாங்க முடிந்தால் பாருங்கள். எம்மர் நீளமாக, ஒல்லியாக, செம்பழுப்பாக இருக்கும், ரொட்டிக் கோதுமை மாதிரி குண்டாக இருக்காது. ஜெர்மனியில் பாக்கெட்டில் 'எம்மர்' என்றே போட்டிருக்கும். ஆயாவின் சம்பா ரவைக்கு நெருங்கிய சொந்தம் அதுதான், டிங்கெல் இல்லை. ராத்திரி ஊறவைத்துவிட்டுச் செய்தால் உப்புமா நன்றாக வரும்.

விதை வங்கியில் குளிரூட்டிய டப்பாவில் ஆயிரம் ரகம் இருக்கலாம். அது லாக்கர். வயலில் இருப்பதுதான் புழக்கத்தில் உள்ள பணம். அடுத்த துரு எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை ஒரு விவசாயி அதை விதைக்க வேண்டுமானால், யாரோ ஒருவர் அதை வாங்கிச் சாப்பிட வேண்டும். மருந்து என்று நினைத்து வாங்கினால், மருந்து இல்லை என்று தெரிந்த மறுநாள் விட்டுவிடுவோம். சாப்பாடு என்று வாங்கினால் நிற்கும்.

உங்கள் ஊரில் இந்தக் கோதுமைக்கு என்ன பெயர், வீட்டில் அதில் என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள். நீலகிரி, கொடைக்கானல் பக்கத்துக்காரர்கள் கட்டாயம் எழுத வேண்டும். தொகுத்து இன்னொரு பதிவாகப் போடுகிறேன்.